பச்சைக் கண்மாயில் ஒரு மூச்சுக் கணக்கு

ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் போன வாரம் என் வீட்டுக்கு வந்து, "கரைசல், தராசு எல்லாம் நாங்கள் பழகிக்கொள்கிறோம் ஐயா, உங்கள் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டீர்கள். கேட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. புட்டி கழுவுவதும் துளித்துளியாக ஊற்றுவதும் கை பழகினால் வந்துவிடும். கையில் ஒரு விடை இருக்கிறது, எதிரே ஒரு ஊரே கோபத்தோடு நிற்கிறது, அந்த விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அப்படி ஒரு நாள் எனக்கு வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய காலம். மதுரையில் ஒரு கல்லூரியின் ரசாயனக் கூடத்தில் நான் உதவியாளன். எங்கள் பேராசிரியருக்குக் கடல் மேல் பைத்தியம். மண்டபம் என்ற கடற்கரை ஊரிலிருந்து பெரிய கண்ணாடிக் குடுவைகளில் கடல் தண்ணீரை வைக்கோல் சுற்றி ரயிலில் வரவழைப்பார். பார்க்கத் தெளிவாக இருக்கும். ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் கோடிக்கணக்கில் மிதக்கும். வெயிலில் அவை கரியமில வாயுவை உண்டு, பிராணவாயுவை வெளியே விடும். எவ்வளவு உண்டால் எவ்வளவு விடும்? அதுதான் அவர் கேள்வி.

அதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஒரே தண்ணீரை இரண்டு புட்டிகளில் நிரப்பி, ஒன்றைக் கறுப்புத் துணியால் சுற்றி, இரண்டையும் வெயிலில் வைப்பது. வெளிச்சப் புட்டியில் பிராணவாயு கூடும். கறுப்புப் புட்டியில் குறையும், ஏனென்றால் இருட்டில் பாசியும் நம்மைப் போலப் பிராணவாயுவை இழுக்க மட்டும்தான் செய்யும். பல மாதம் அளந்து பார்த்ததில் ஒன்று தெளிவானது. பாசி ஒரு பங்கு கரியமில வாயுவை உண்டால் ஏறக்குறைய ஒரு பங்கு பிராணவாயுவை விடுகிறது. செத்து அழுகும்போது அதே கணக்கில் திரும்ப இழுத்துக்கொள்கிறது. அதன் உடம்பு வளர, எருவில் இருக்கும் மணிச்சத்தும் தழைச்சத்தும் வேண்டும். அதையும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில்தான் எடுத்துக்கொள்கிறது. சத்து எவ்வளவு என்று தெரிந்தால் பாசி எவ்வளவு வளரும், அது எவ்வளவு மூச்சை இழுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

"மதுரையில ஏதுய்யா கடலு?" என்று பக்கத்துத் துறைக்காரர்கள் கேலி செய்வார்கள். பேராசிரியர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

நான் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவன். எங்களுக்கு வீட்டு மொழி வேறு, தொழில் நெசவும் சாயமும். என் தாய்மாமன் நாகுசாமி ஊரின் தெற்கு ஓரத்தில் சாயப்பட்டறை வைத்திருந்தார். அவரைப் போல் இன்னும் பல பட்டறைகள் அந்தத் தெருவில் இருந்தன. நூலை அலசிய சிவப்புத் தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியாக ஓடி வில்லாபுரத்தை அடுத்த ஒரு கண்மாயின் கிழக்குப் பக்கத்தில் போய்ச் சேரும். பல காலமாக அப்படித்தான்.

ஐப்பசி மாதம். நல்ல மழை பெய்து கண்மாய் பாதி நிரம்பியிருந்தது. அதற்குப் பிறகு மழையும் இல்லை, வெயிலும் இல்லை. நாள் கணக்கில் மேகம் மூடியே கிடந்தது. ஒரு நாள் காலையில் கண்மாயில் மீன் செத்து வெள்ளை வெள்ளையாக மிதந்தது. அன்று மத்தியானமே கண்மாய்க்கரை ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு வந்து சாய வாய்க்காலை மண் போட்டு அடைத்துவிட்டார்கள். சிவப்புத் தண்ணீர் திரும்பித் தெருவுக்குள் ஏறியது. பட்டறைகள் நின்றன. நூல் இல்லாமல் தறிகளும் நின்றன. புகாரும் போயிற்று. தாசில்தார் நேரில் வந்து பார்த்துவிட்டு உத்தரவு போடுவார் என்று சொன்னார்கள். பட்டறைகளை மொத்தமாக மூடச் சொல்லப்போகிறார் என்பது தெரு முழுக்கப் பேச்சு.

மாமா ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். கையில் ஒரு புட்டியில் சிவப்புத் தண்ணீர். என்னிடம் எப்போதும் எங்கள் பாஷையில்தான் பேசுவார். அன்று எல்லோர் காதிலும் விழட்டும் என்று தமிழில் பேசினார்.

"இதைச் சோதிச்சு, இதுல விஷம் இல்லேன்னு காலேஜ் முத்திரையோட எழுதிக் கொடு. போதும்."

"நான் எழுதிக் கொடுத்தா யாரு மாமா நம்புவா? நானும் சாயக்கார வீட்டுப் பிள்ளைதானே."

"அப்ப உன் படிப்பு எதுக்கு?"

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கும் வலித்தது. ஆனால் அந்தக் காகிதம் கண்மாய்க்கரையில் ஒரு நிமிஷம் கூட நிற்காது என்று எனக்குத் தெரிந்திருந்தது. தவிர, உண்மையில் சாயத் தண்ணீர்தான் மீனைக் கொன்றதா என்பது அப்போது எனக்கே தெரியாது. தெரியாத ஒன்றில் கையெழுத்துப் போடுவது எப்படி? "கண்மாயைப் பார்த்துட்டு வாரேன் மாமா. என்ன தெரியுதோ அதைச் சொல்றேன். உங்களுக்கு எதிரா இருந்தாலும் சொல்வேன்" என்றேன். அவர் புட்டியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்.

பேராசிரியரிடம் கேட்டேன். அவருக்கு விருப்பமில்லை. "நாம பார்க்கிறது கடல் வேலை. ஊர்ச் சண்டையில போய் ஏன் மாட்டிக்கிறீர்?" என்றார். ஆனாலும் புட்டிகளை எடுத்துப் போகக் கூடாது என்று சொல்லவில்லை.

அன்று மாலையே சைக்கிளில் போனேன். கண்மாய்த் தண்ணீர் பச்சைக் குழம்பாக இருந்தது. கையை விட்டால் விரல் தெரியவில்லை. கரையில் ஒரு பெண்மணி செத்த மீன்களைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். அந்தக் கண்மாயின் மீன்பாசிக் குத்தகையை, அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையை, எடுத்திருந்த பேச்சியம்மாள் அவர்தான். கணவர் இறந்த பிறகு தானே ஏலத்தில் நின்று குத்தகை எடுத்தவர். அவர் சொன்னால்தான் ஊர் மண்வெட்டியைத் தூக்கும், கீழே வைக்கும்.

"யாருப்பா நீ? சைக்கிளும் புட்டியுமா வந்து நிக்கிற?"

சொன்னேன்.

"சாயக்காரக வீட்டுப் பிள்ளையா?"

"ஆமாக்கா."

"மறைக்காமச் சொன்னியே, அம்புட்டு வரைக்கும் சரி. உங்காளுக எம் பொழப்புல விஷத்த ஊத்திட்டாக. இப்ப என்னத்தப் பாக்க வந்த?"

"எப்ப செத்துச்சுன்னு மட்டும் சொல்லுங்கக்கா."

"விடியக்கருக்கல்ல. தண்ணிக்கு மேல வந்து வாயப் பொளந்து பொளந்து நின்னுச்சுக. பொழுது விடியறதுக்குள்ள அம்புட்டும் மல்லாந்துருச்சு."

"எல்லா மீனுமா?"

"கெண்டதான் நெறயாச் செத்துச்சு. வெராலு ஒண்ணு கூடச் சாகல."

எனக்குப் பொறி தட்டியது. விரால், தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடித்து வாழத் தெரிந்த மீன். கெண்டைக்கு அது முடியாது. விஷம் என்றால் ஒன்றைக் கொன்று மற்றதை விட்டுவிடுமா? விஷம் விடியற்காலைக்காகக் காத்திருக்குமா? கண்மாயே மூச்சு முட்டிக் கிடக்கிறது! மண்டபத்துக் குடுவையில் நாங்கள் அளந்த அதே பாசிக் கணக்குதான் இங்கே ஒரு கண்மாய் அளவுக்குப் பெருத்து நிற்கிறது.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்று சொல்கிறேன். மனசுக்குப் பிடித்த விடை கிடைத்த நிமிஷம்தான் ஆபத்தான நிமிஷம். எனக்கு அது மாமாவைக் காப்பாற்றும் விடை. அதனாலேயே அதன் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. பாசியைப் பெருக்கிய சத்து சாய வாய்க்காலிலிருந்து வந்திருந்தால்? அப்போதும் குற்றம் எங்கள் தெருமேல்தானே? சாய வாய்க்காலிலும், வயல்பக்கத்திலிருந்து மழைத் தண்ணீர் வந்து விழும் ஓடையிலும் தண்ணீர் எடுத்தேன். கூடவே, பேச்சியம்மாள் கண் முன்னாலேயே ஒரு பெரிய சட்டியில் பாதி கிணற்றுத் தண்ணீர், பாதி சாயத் தண்ணீர் ஊற்றி, ஓடையிலிருந்து பிடித்த கெண்டைக் குஞ்சுகளை விட்டேன். சட்டியை அவர் வீட்டு முற்றத்திலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"செத்தா?" என்றார்.

"செத்தா எங்க தெருதான் குத்தவாளி. நானே வந்து சொல்லிட்டுப் போறேன்."

மறுநாள் பொழுது விடிந்ததும் வெளிச்சப் புட்டியையும் கறுப்புப் புட்டியையும் கண்மாயில் கயிறு கட்டி இறக்கிவிட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். சோதித்துப் பார்த்ததில், சாய வாய்க்கால் தண்ணீரில் மணிச்சத்து பேருக்குத்தான் இருந்தது. வயல் ஓடையிலோ ஏராளம். ஊர் எருக்குழிகளையெல்லாம் முதல் மழை கழுவிக்கொண்டு வந்து கண்மாயில் சேர்த்திருந்தது. அதைத் தின்றுதான் பாசி கொழுத்திருந்தது.

மத்தியானம் திரும்பிப் போய்ப் புட்டிகளை எடுத்தேன். வெளிச்சப் புட்டியில் பிராணவாயு கொஞ்சம்தான் கூடியிருந்தது. மேகத்துக்கு அடியில் பாசியால் அவ்வளவுதான் முடியும். கறுப்புப் புட்டியில் மளமளவென்று குறைந்திருந்தது. பகலில் சம்பாதிப்பதை விட ராத்திரியில் செலவு அதிகம். கரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மேகம் விலகாவிட்டால் மறுநாள் விடிவதற்குள் கண்மாயில் மூச்சே இருக்காது. அன்று எப்படியோ தப்பிய மிச்சக் கெண்டையும் செத்துப்போகும்.

மறுநாள்தான் தாசில்தார் வருவதாக இருந்தது.

யோசித்துப் பாருங்கள். வாய்க்கால் அடைத்துக் கிடக்கிறது. ஒரு சொட்டுச் சாயத் தண்ணீர் உள்ளே வரவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால் போதும். தாசில்தார் கண் முன்னாலேயே மீன்கள் செத்து மிதக்கும். எங்கள் தெரு விடுதலையாகும். மாமாவே வந்து கையெடுத்துக் கும்பிடுவார். ஆனால் முன்னாலேயே சொல்லி மீன்களைக் காப்பாற்றிவிட்டால்? ஒன்றும் சாகாது. "பாத்தீகளா, வாய்க்கால அடச்சோம், மீனு பொழச்சிருச்சு" என்று ஊரே சொல்லும். பட்டறைகளை மூடியே விடுவார்கள்.

கரையில் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பேச்சியம்மாள் வந்தார். சட்டியைக் கையில் தூக்கிக்கொண்டே வந்திருந்தார். சிவப்புத் தண்ணீரில் கெண்டைக் குஞ்சுகள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன.

"ஒண்ணும் சாகலப்பா," என்றார். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான். "அப்ப எம் மீனக் கொன்னது யாரு?"

அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நாளை விடிவதற்குள் என்ன நடக்கும் என்பதையும் சொன்னேன். அப்படிச் சொல்லும்போதே இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற ஒரு வழி இருப்பது பளிச்சென்று தோன்றியது.

"அக்கா, மேற்கு மூலையில ஒரு கூண்டுல கொஞ்சம் கெண்டையப் போட்டு இறக்கி வைங்க. அந்த மூலையை யாரும் தொடக் கூடாது. கிழக்கு மடைப் பள்ளத்துல ராத்திரி முழுக்கத் தண்ணிய மொண்டு உசரத் தூக்கி ஊத்தணும். தண்ணி காத்தைக் குடிக்கும். மிச்ச மீனெல்லாம் மூச்சு இருக்கிற எடத்தைத் தேடி அங்க வந்துரும்."

"தண்ணிய மொண்டு தண்ணியிலயே ஊத்தணுமா? கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?"

"இன்னும் இருக்குக்கா. சாய வாய்க்காலத் தொறந்து, சிவப்புத் தண்ணி கிழக்குப் பள்ளத்துல விழட்டும்."

அவர் சட்டியைக் கீழே வைத்துவிட்டார். "எல்லா மீனும் வந்து நிக்கிற எடத்துலயா? செத்துச்சுன்னா?"

"செத்துச்சுன்னா நாளைக்குத் தாசில்தார் முன்னால நானே எங்க தெருதான் காரணம்னு சொல்றேன். சாயம் போகாத மூலையில மீன் செத்து, சாயம் விழுற எடத்துல மீன் பொழச்சா, அப்ப நீங்க சொல்லணும்."

சட்டியிலிருந்த குஞ்சுகளை ஒரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஊர்ப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏலேய், எறகூடைய எடுத்துக்கிட்டு எல்லாரும் வாங்கடா!"

நான் சைக்கிளில் பறந்து மாமா தெருவுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் மாமா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "உன் கணக்கு சரியா?"

"சரி மாமா."

அவ்வளவுதான். நாள் முழுக்கத் தண்ணீர் தூக்கிப் பழகிய ஆட்கள் அத்தனை பேரும் பட்டறை வாளிகளோடு கிளம்பினார்கள். அங்கிருந்து நேராகப் பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். தாசில்தார் அவருடைய பழைய மாணவர். விடிவதற்கு முன்னாலேயே அவரைக் கரைக்கு அழைத்து வந்தால்தான் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்றேன். பேராசிரியர் கணக்கை வாங்கி வரி வரியாகப் பார்த்தார். "கடல் பாசிக்குச் சரியான கணக்கு கண்மாய்ப் பாசிக்கும் சரியா இருக்கும்னு எப்படித் தெரியும்?" என்றார். "நாளைக்குத் தெரிஞ்சிரும் சார்" என்றேன். சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டினார்.

அந்த ராத்திரி கிழக்குப் பள்ளத்தில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு பக்கம் இறைகூடையைக் கயிறு பிடித்து வீசும் ஊர்க்காரர்கள், மறுபக்கம் வாளியால் மொண்டு தலைக்கு மேலே தூக்கி ஊற்றும் எங்கள் தெருக்காரர்கள். முந்தின நாள் ஒருவரை ஒருவர் அடிக்கப் போனவர்கள். முதலில் முறைத்துக்கொண்டே இறைத்தார்கள். பிறகு யார் உயரமாகத் தூக்குகிறார்கள் என்று போட்டி வந்துவிட்டது. நடுவே வாய்க்கால் திறந்து, சிவப்புத் தண்ணீர் மெல்ல மெல்ல உள்ளே ஓடியது.

கிழக்கு வெளுக்கத் தொடங்கும்போது தாசில்தாரும் பேராசிரியரும் குதிரை வண்டியில் வந்து இறங்கினார்கள். மேகம் விலகவே இல்லை. எல்லோரும் மேற்கு மூலைக்குப் போனோம். கூண்டில் கெண்டைகள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து வந்து போயின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று மல்லாந்தது. பிறகு இன்னொன்று.

அந்தத் தண்ணீரை ஒரு புட்டியில் எடுத்தேன். "இதுல ரெண்டு மருந்து விடப்போறேன். தண்ணியில மூச்சு இருந்தா பழுப்பா வண்டல் விழும். மூச்சு இல்லேன்னா வெள்ளையா விழும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். மருந்து விடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். விட்ட பிறகு சொன்னால் அதற்கு மதிப்பே இல்லை. விட்டேன். பச்சைத் தண்ணீருக்குள் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு போல வண்டல் இறங்கியது.

அங்கிருந்து கிழக்குப் பள்ளத்துக்குப் போனோம். இறைத்துக் களைத்தவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள். சிவப்பும் பச்சையும் கலந்த அந்தத் தண்ணீரை எடுத்து அதே மருந்தை விட்டேன். வண்டல் பழுப்பாக இறங்கியது. நல்ல கெட்டியான பழுப்பு. சாயம் பார்த்துப் பழகிய எங்கள் தெருக்காரர்கள் அந்த நிறத்தைப் பார்த்ததும் "ஹோ" என்று கத்திவிட்டார்கள்.

"மீனு எங்கடா?" என்றார் பேச்சியம்மாள்.

ஒருவர் வலையை இழுத்தார். வலை நிறையக் கெண்டைகள் வெள்ளிக் காசாகத் துள்ளின. வலையைத் தாண்டிக் குதித்த ஒன்று சிவப்புத் தண்ணீர் விழும் இடத்திலேயே போய் விழுந்து வாலை அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. ஊர்க்காரர்களும் எங்கள் ஆட்களும் யார் யாரைத் தூக்குகிறோம் என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் தூக்கினார்கள். மாமா ஈர வேட்டியோடு வந்து என் தோளில் கை வைத்தார். பேராசிரியர் அந்தக் குளிரிலும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, "கடல் கணக்குதான்யா, அதே கணக்குதான்!" என்று ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். யாருக்கும் புரியவில்லை, ஆனாலும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

தாசில்தார் குமாஸ்தாவைக் கூப்பிட்டு எழுதச் சொல்லிவிட்டுப் பேச்சியம்மாளைப் பார்த்தார். "புகார் கொடுத்தது நீங்க. இப்ப என்ன சொல்றீங்க? யாரு மேல குத்தம்னு எழுதட்டும்?"

பேச்சியம்மாள் மூடிக்கிடந்த வானத்தை அண்ணாந்து பார்த்தார். சேலை முந்தானையைப் பிழிந்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "எம் மீனக் கொன்னது இந்த மேகந்தேன் சாமி. அது மேல கேசு போட முடிஞ்சாப் போடுங்க."

தாசில்தார் முதலில் சிரித்தார். அப்புறம் கரை முழுக்கச் சிரித்தது. வாய்க்காலை மறித்துக் கிடந்த மிச்ச மண்ணைப் பேச்சியம்மாளே மண்வெட்டி வாங்கி வெட்டித் தள்ளினார். அன்று பொழுது ஏறுவதற்குள் எங்கள் தெருவில் எல்லா அடுப்புகளும் எரிந்தன, எல்லாக் கொப்பரைகளும் கொதித்தன.